மயாசா வீட்டில் ஓய்வு

மயாசா அறைக் கதவைத் தட்டுவாள். உள்ளிருந்து குரல் வரும்வரை விடமாட்டாள். வந்ததும், "தூங்கும்மா, தூங்கு. நிம்மதியாத் தூங்குறியான்னு பாக்கத்தான் தட்டினேன்" என்பாள்.

லாமுத் தீவின் துறைமுகத்தைப் பார்த்த எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். வெளிநாட்டிலிருந்து ஓய்வுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மயாசா என் அண்ணி. அண்ணன் கப்பலேறினால் ஆறு மாதத்துக்குத் திரும்பமாட்டான். சமைப்பது நான், விருந்தினரைக் கவனிப்பது அவள். அவளிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவதும் என் தலையில்தான்.

மயாசாவுக்கு ஐம்பத்தைந்து வயது. கொண்டையில் மல்லிகை, இடுப்பில் சாவிக்கொத்து. நடந்தால் தெருவே அறியும். சந்தில் கழுதை கத்தினால் போதும், ஜன்னலைத் திறந்துவிடுவாள். "டேய் அத்மான், உன் கழுதை வாயைக் கட்டுடா! மேல ஒரு ஜீவன் ஓய்வெடுக்குது!" கழுதை உடனே நிறுத்திக்கொள்ளும். அவள் நிறுத்தக் கால்மணி நேரமாகும். ஒருமுறை கரையில் படகு கட்டும் தச்சர்களிடமே போய், மெதுவாக அடிக்கச் சொன்னாள்.

"மெதுவா அடிச்சா ஆணி இறங்குமா அக்கா?"

"இறங்கலைன்னா நாளைக்கு அடி!"

போன மாதம் கம்பாலாவிலிருந்து நமூலி வந்தாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். படுக்கையில் கிடந்த தாயை ஏழு மாதம் பார்த்து, அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள். "எட்டு நாள் தூங்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். மயாசாவின் கண்கள் பளிச்சிட்டன.

முதல் நாள் தலையில் கிராம்பு எண்ணெய். மறுநாள் விடியுமுன் எழுப்பி, "வெறும் வயித்துல தூக்கம் வராது" என்று மீன் கஞ்சி ஊட்டினாள். மூன்றாம் நாள் காற்று வாங்கலாம் என்று படகில் கூட்டிப்போனாள். கூடவே ஒன்பது உறவுக்காரிகள், ஒரு மேளம்.

"பாவம், தனியா விடுங்க அண்ணி."

"தனியா விட்டா அழுவா. உனக்கென்னடி தெரியும்?"

ஐந்தாம் நாள் மத்தியானம் நமூலி ஒருவழியாகக் கண்ணயர்ந்தாள். தலையணை சரியாக இருக்கிறதா என்று மயாசா அதை உருவிப் பார்த்தாள்.

நமூலி எழுந்து பையைக் கட்டினாள். "எங்க பிரசவ வார்டே இதைவிட அமைதியா இருக்கும் அக்கா. நான் கிளம்புறேன்." போய்விட்டாள்.

மயாசா மாடிப்படியில் உட்கார்ந்தாள். பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எங்கம்மா போனப்ப ஒருத்தரும் என் கதவைத் தட்டலடி. அமைதியா இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. அந்த அமைதி இருக்கே..."

முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அன்றைக்குத்தான் சொன்னாள். "இதை அவகிட்ட முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று கத்தினேன். அதற்குள் அவள் தெருவில் இறங்கியிருந்தாள்.

இன்னொரு ரகளை என்று பின்னாலேயே ஓடினேன். படகுத்துறையில் நமூலி அக்கரைப் படகுக்காகக் காத்திருந்தாள். மயாசா பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் சொன்னதை அவளிடமும் சொன்னாள். நமூலி கடலையே பார்த்தபடி இருந்தாள். அதிசயமாக, மயாசா வாயை மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அவள் தலை சரிந்து நமூலியின் தோளில் சாய்ந்தது. பிறகு குறட்டை.

படகு வந்தது. "அக்கரை! அக்கரை!" என்று படகுக்காரன் கூவினான். எல்லோரும் ஏறினார்கள். நமூலி எழவில்லை. சாய்ந்த தலை அசையாதபடி தோளை அப்படியே வைத்துக்கொண்டு, காலால் தன் பையை என் பக்கம் மெல்லத் தள்ளினாள்.