எதிரணியில் நின்ற தோழி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் அக்காவிடம் அண்ணாந்து பார்த்துத்தான் பேசியிருப்பீர்கள். அக்கா அவ்வளவு உயரம். வீட்டு நிலைகளில் குனிந்து நுழைந்து பழகியவர், வெளியே எங்கும் குனிந்ததில்லை. அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. தம்பி என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அப்பா பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அவருக்கு மாற்றலாகி வண்ணார்பேட்டைக்குக் குடிவந்தபோது அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். "இன்னும் வளருதாளே, மாப்பிள்ளைய எங்க போயித் தேட?" என்று அம்மா கவலைப்பட்ட காலம் அது.

வீட்டுக்கு அருகே ஒரு மைதானத்தில் பெண்கள் கூடைப்பந்து ஆடுவார்கள். ஒரு மாலை, பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அவர்கள் கம்பு தேடிக்கொண்டிருக்க, வேடிக்கை பார்த்துநின்ற அக்கா போய் ஓர் எம்பு எம்பிக் கையாலேயே தட்டிவிட்டார். "ஏட்டி, நீ எங்கயும் போயிராத. இங்கனயே நில்லு" என்றார் அந்த அணியின் பாக்கியம். கீழநத்தம் பக்கம் வயல் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத தோழிகள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் அரசு நிறுவனம் தன் பெண்கள் அணிக்காக அக்காவை வேலைக்கு எடுத்தது. காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் அலுவலகம். அரைக்கால் சட்டை போட்டு ஆடுகிறாள் என்று சொந்தத்தில் பேசியவர்கள் உண்டு. வந்த ஒரு நல்ல வரனும் ஆட்டத்தை விடச் சொன்னது. அப்பாவுக்குச் சம்மதிக்க ஆசை. "இந்த வேலையே பந்து குடுத்ததுதான்ப்பா. அத விட்டுட்டு வான்னு சொல்லுத வீட்டுல நான் எப்படி நிமிந்து நிப்பேன்?" என்றார் அக்கா. அதன்பின் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைக் குறை என்று சொல்லியும் நான் கேட்டதில்லை, குறையில்லை என்று சொல்லியும் கேட்டதில்லை.

நான் கல்லூரியில் படித்த சமயம், பாளையங்கோட்டையில் ஒரு மாநிலப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் அக்காவின் அணியும் நம் மாவட்ட அணியும் மோத வேண்டியதாயிற்று. மாவட்ட அணிக்கு ஆடியவர் பாக்கியம். வேறொரு துறை தன் அணிக்கு ஓர் ஆட்டக்காரியைத் தேடி அதிகாரியை அனுப்பியிருந்தது. பாக்கியத்துக்கு வேலைக்கான வயது வரம்பு நெருங்கியிருந்தது. முந்தின நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, நாளைக்கு என்னப் பாக்கத்தான் அந்த ஆபீசர் வாராரு. நீ கொஞ்சம் பைய ஆடக்கூடாதா?"

அக்கா அடுப்படிக்குப் போனார். காப்பி ஆற்றிக் கொடுத்தார். பாக்கியம் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா பைய ஆடவில்லை. பாக்கியம் எறிந்த முதல் பந்தையே தட்டிக் கீழே தள்ளினார். அடுத்ததையும். பாதி ஆட்டம் முடிகையில் பாக்கியத்தின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் திரும்ப வந்தவர் வேறு ஆள். ஒரு பக்கம் போவதுபோல் ஏய்த்து, அக்காவின் கைக்கு அடியில் புகுந்து பந்தைக் கூடைக்குள் போட்டார். அக்கா நெருங்கி வந்தால் தூரத்திலிருந்தே எறிந்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கடைசியில் அக்காவின் அணிதான் வென்றது. கைகுலுக்காமலே பாக்கியம் போய்விட்டார்.

"ஒரு பிள்ளை பொழப்பக் கெடுத்துட்டியே" என்றார் அப்பா. அக்கா முகத்தைக்கூடத் துடைக்காமல் அந்த அதிகாரியிடம் போனார். நானும் பின்னால் போனேன். அவர் எடுக்கப்போவதாக வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னார்.

"சார், இந்தப் போட்டி பூரா என்னையத் தாண்டிப் பந்து போட்டவ அவ ஒருத்திதான். நான் அசந்து நின்னு அவ போடல. நீங்க பாத்தியள்லா?"

அவர் யோசித்தார். சில மாதம் கழித்துப் பாக்கியத்துக்கு வேலை வந்தது.

ஏன் அப்படி ஆடினாய் என்று பின்னாளில் கேட்டேன். "விட்டுக்குடுத்திருந்தா, தன் ஆட்டத்துல வந்த வேலையா, நான் போட்ட பிச்சையான்னு அவளுக்கே கடைசிவரை தெரியாதுல்லா" என்றார். வேலை கிடைக்காமல் போயிருந்தால்? "அத நெனச்சா இப்பவும் பயமாத்தாம்ல இருக்கு" என்றார்.

பாக்கியம் நெடுங்காலம் அக்காவிடம் பேசவில்லை. வடக்கே ஒரு போட்டியில் அக்காவின் முழங்கால் முறிந்து, ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது என்று அவர் படுத்துக் கிடந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பாக்கியம் வந்து நின்றார். "எந்திரி. நடக்கணும்" என்றார். அவ்வளவுதான் சமாதானம். அதன்பின் அக்கா அலுவலக மேசையில் பல ஆண்டுகள் உழைத்து, விருப்ப ஓய்வு பெற்று வண்ணார்பேட்டைக்கே திரும்பினார். சிறுநீரகம் பழுதான பிறகு, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும் வருவதும் பாக்கியம்தான். கடைசி நாளிலும் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவரே.

அக்காவைத் தூக்கும் நேரம் பாக்கியமும் பழைய ஆட்டக்காரிகளும் பாடையருகே வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிய வயது, தேய்ந்த முழங்கால்கள். எங்கள் சித்தப்பா தடுத்தார். "பொம்பளைங்க பாடை தூக்குத வழக்கம் நம்மள்ல கிடையாதும்மா."

"கோர்ட்டுல ஒருத்தி விழுந்தா கூட ஆடுதவங்கதான் தூக்குவோம், அண்ணாச்சி. எங்க வழக்கம் அது" என்றார் பாக்கியம்.

சித்தப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூங்கில் அழுத்தாதபடி பாக்கியத்தின் தோளில் மடித்து வைத்தார்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், தூரந்தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. ஆற்றங்கரை வரை தோள் மாற்றாமல் அக்காவைச் சுமந்து சென்ற அந்தப் பெண்களுக்கு நன்றி என்ற சொல் போதவில்லை. வேறு சொல் எனக்குத் தெரியவுமில்லை.