அப்பா பிடித்த கைகள்

நர்ஸ் அப்பாவின் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், கீழ்வேளூரில் அவர் டாக்டராக உட்கார்ந்திருந்த ஒற்றை அறை கிளினிக் கண்முன் வந்தது. மிக்சர் மருந்துக்குக் காலி பாட்டிலோடு ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சு, வெந்நீரில் கடகடக்கும் ஊசிகள், வயலிலிருந்து நேரே வந்த பெண்களின் சேறு காயாத மணிக்கட்டைப் பஞ்சால் துடைத்து, விரல் வைத்து, "நடவு முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே நாடி பார்க்கும் அப்பா. காய்ச்சல் இல்லாத நாளிலும் நான் போய்க் கையை நீட்டுவேன். எனக்கும் அதே பஞ்சு, அதே விரல்கள்.

அப்பாவுக்கு ஊரில் இருந்த பேரைக் கட்சிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். சுவரெல்லாம் 'கைராசி டாக்டர்' என்று எழுதி ஓட்டுக் கேட்டார்கள், அப்பா எம்.எல்.ஏ. ஆனார். கிளினிக்கை இடித்துக் கட்சி ஆபீஸ் கட்டினார்கள். அதன்பின் அவர் யார் கையையும் பிடிக்கவில்லை. எதிரே வந்தவர்களை எல்லாம் கும்பிட்டார். எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது வேறொரு டாக்டரை அனுப்பிவைத்தார்.

இப்போது அப்பாவுக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லை. நர்ஸ் போனதும், பழைய ஆசையில் என் கையை அவர் முன் நீட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, இரண்டு கைகளையும் குவித்து என்னைக் கும்பிட்டார்.

"மறந்துடாதீங்கம்மா. உங்க ஓட்டு எனக்குத்தான்."