கண்ணை மூடி உட்கார்ந்த குன்று

காய்ந்த புல்லுக்கு மார்ச் மாதத்தில் ஒரு வாசனை உண்டு... லேசாகக் கருகிய சப்பாத்தி போல. தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில், ஞாயிறு காலைகளில் நாங்கள் மூவர் குன்றேறுவோம். நான் செய்தியாளன். என் மனைவி வசந்தா கதை எழுதுபவள். மூன்றாமவர் ராகவன்; வங்கியில் வேலை, கவிதை எழுதுவார்.

அங்கே நாங்கள் செய்யும் எழுத்துப் பயிற்சி ராகவனுடையது. ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடங்களில் கண்ணை மூடி உட்கார வேண்டும். காற்று, பறவை, மண்... காதுக்கும் மூக்குக்கும் எட்டுவதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கை தட்டிய பிறகுதான் எழுத்து.

"யார் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்கக் கூடாது" என்பார்.

"போலீஸ் வந்தாக்கூடவா?" என்றாள் வசந்தா, ஒரு மார்ச் ஞாயிறன்று.

"அவங்களையும் பக்கத்துல உட்கார வைங்க."

அன்று அவள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் புகை வாசனை. எங்கோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மெல்லிய சடசடப்பு. அதற்கு ஓர் உவமை தேடிக்கொண்டிருந்தேன்...

யாரோ மராத்தியில் கத்திக்கொண்டு ஓடினார்கள். கண்ணைத் திறந்தேன். புல் எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் தீ சரியாகத் தெரியவில்லை. கருப்பு மட்டும் நகர்ந்து வந்தது. எனக்கும் வசந்தாவுக்கும் நடுவில்.

கீழேயிருந்து ராகவன் கை தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்; சடசடப்பில் அது எனக்கே லேசாகத்தான் கேட்டது. நான் பேர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை.

பாறைகள் வழியாகச் சுற்றி ஓடினேன். தீ விபத்துகளுக்குப் போய்ச் செய்தி எழுதியவன் நான். சேலை நிறத்தை வைத்து அடையாளம் சொன்ன உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். வசந்தா அன்று என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்று எனக்கு நினைவு வரவேயில்லை.

ஒரு வேலமரத்தடியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ராகவன் சார் இன்னும் தட்டலையே?" என்றாள்.

இழுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே டீக்கடையில், வசந்தாவின் இருமல் அடங்கியதும் ராகவன் மெதுவாகக் கேட்டார்.

"புகை வாசனை வரலையாம்மா?"

"நல்லா வந்துச்சு சார். அதைத்தான் விடாம கவனிச்சிட்டு இருந்தேன்."

"நான் கூப்பிட்டது?" என்றேன்.

"கேட்டுச்சு. சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

ராகவன் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார். அந்தப் பயிற்சி அதோடு நின்றது.

இன்று அந்தக் குன்றின் அடிவாரம் வரை அடுக்குமாடிகள். ஏறுகிறவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.

வசந்தா இப்போது பால்கனியில் உட்கார்ந்து எழுதுகிறாள். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளேயிருந்து நான் ஒரு காரணமும் இல்லாமல் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

"இருக்கேன்" என்பாள், கண்ணைத் திறக்காமலே.