அரை முடி நீளம்

என் அக்காவை அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்தில் ‘பூஜ்ஜியம் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். சூடுபட்டால் எந்த உலோகமும் நீளும். நீளாத ஒன்றைச் செய்தே தீருவேன் என்று ஆறு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். “பரீட்சையில ஒரு தடவகூட வாங்காத பூஜ்ஜியத்த இப்பப் போய்த் தேடுறாளே” என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

நான் அதே கூடத்தின் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அக்கா இரும்பையும் நிக்கலையும் தன் கணக்குப்படி கலந்து உருக்கிக் கொடுப்பாள். அதைக் கம்பியாகக் கடைந்து கொடுப்பது நான். அவள் உலோகம் நீளாது, தம்பி வாய்தான் நீளம் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். பேசட்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் வினையே வந்தது.

அக்காவுக்கு எழுத்தில் இருப்பதுதான் உண்மை. வீட்டில் பால் வாங்கிய தேதியைக்கூடச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். அத்தான் ஒரு தடவை விளையாட்டுக்குத் தேதியை மாற்றிவைத்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

போன மாதம் புதுக் கலவையின் முதல் கம்பியைச் சூடேற்றி அளந்தாள். ஒரு மீட்டர் சாதாரண எஃகை நூறு டிகிரி சூடேற்றினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே நீளும். அக்காவின் கம்பி, அதே கணக்கில், ஒரு தலைமுடியின் பருமனில் பாதிதான் நீண்டது. சந்தோஷத்தில் அன்றே டைரக்டருக்கு எழுதிவிட்டாள். அடுத்த வாரம், அதே தடவை உருக்கிய உலோகத்திலிருந்து இன்னும் ஐந்து கம்பிகள். ஒவ்வொன்றும் இரண்டு முடிப் பருமன் நீண்டது.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த அரை முடியைத் திரும்பக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அளவு தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்டா. ஆசை கண்ண மறைச்சிருச்சு” என்றாள். பிறகு, “ஆறு கம்பியையும் ஒரே மாதிரிதானே கடஞ்ச?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா” என்றேன். பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். முதல் கம்பியைக் கடைய வேண்டிய அன்று டூல் மழுங்கிவிட்டது. அவளுடைய கலவை சுலபத்தில் வெட்டுப்படாது, ரப்பர் மாதிரி இழுக்கும். புது டூல் வர நான்கு நாள் ஆகும். அவளோ இன்றைக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் அந்தத் துண்டைச் சூடுகூடக் காட்டாமல் சுத்தியல் மெஷினில் விட்டு, நாலாபக்கமும் தட்டி மெலிதாக்கிக் கொடுத்துவிட்டேன். துண்டோடு வந்த வேலைச் சீட்டில் ‘லேத்தில் மட்டும்’ என்று அவளே எழுதியிருந்தாள். சுத்தியல் என்று எழுதினால் திருப்பி அனுப்புவாள். கம்பி கம்பிதானே என்று ‘லேத்’ என்றே எழுதிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு கடிதத்தோடு பட்டறைக்கு வந்தாள்.

“எழுத்துப் பிழை இருக்கா பாருடா.”

‘என் அளவில் தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஆரம்பித்திருந்தாள். லேத்தை நிறுத்தினேன்.

“அக்கா, தப்பு உன்னோடது இல்ல. மொதக் கம்பிய நான் கடையவே இல்ல. சுத்தியல்ல போட்டு அடிச்சேன். சூடு பண்ணாம.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அறை விழும் என்று நினைத்தேன்.

“எவ்வளவு மெலிஞ்சது?”

“பன்னெண்டு மில்லி, எட்டாச்சு.”

“அப்படி அடிச்சா சூட்டுல நீளுறது கொறையும்டா. அது எனக்குத் தெரியும். நீ அடிச்சதுதான் தெரியாது” என்றாள். கடிதத்தை நான்காக மடித்தாள். “அப்போ நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்.”

அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆறு வருஷத்தில் எத்தனையோ கம்பி வீணானபோதும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கண்ணைத் துடைத்த கையோடு பழைய சீட்டை எடுக்கச் சொன்னாள். ‘லேத்’ என்பதன் மேல், பழைய எழுத்தைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போடவைத்து, பக்கத்தில் ‘சுத்தியல், சூடேற்றாமல்’ என்று எழுதவைத்தாள். அதே உலோகத்தில் மிச்சமிருந்த இரண்டு துண்டுகளை அன்று சாயங்காலமே அடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் பக்கத்தில் நிற்க அளந்தார்கள். அரை முடி. அடுத்ததும் அரை முடி.

நேராகப் பட்டறைக்கு வந்தவள், எல்லார் முன்னாலும் என் காதைப் பிடித்துத் திருகினாள். எனக்கு வயது நாற்பது.

“மத்த நாளெல்லாம் அவ்வளவு நீளுற வாய், அன்னிக்கு மட்டும் ஏண்டா நீளல?”

காது எரிந்தது. இருந்தாலும் அவளோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை அவள் உருக்கிய அடுத்த துண்டு வந்தது. சீட்டில் ‘சுத்தியல், சூடேற்றாமல், பன்னிரண்டிலிருந்து எட்டு’ என்று அவள் கையெழுத்து. அதற்குக் கீழே, அடிக்கோடிட்டு, ‘வேறு என்ன செய்தாலும் சொல்லித் தொலை’ என்று எழுதியிருந்தாள்.