திருவாதிரை மங்கிய வாரம்

2020 ஜனவரியில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தினமும் மாலை ஏழரைக்கு, திருவாதிரை என்ற சிவப்பு விண்மீனின் வெளிச்சத்தைப் பக்கத்திலுள்ள ரோகிணியோடு ஒப்பிட்டுக் குறித்துவந்தேன். விரிந்து சுருங்குவதால் வெளிச்சம் ஏறி இறங்கும் ராட்சத விண்மீன் அது. ஆனாலும் வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசம். அந்த வாரம் மங்கியிருந்தது. உருக்காலைப் புகைதான் என்று நினைத்து, தொடர்ந்து நான்கு நாள் பழைய அளவையே எழுதினேன்.

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு மேரியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்.

"பொகைன்னா ரெண்டும்தான சார் மங்கணும்? இது மட்டும் இன்னாத்துக்கு டல்லா கீது? பாக்காமலே எழுதிக்கினு கீறீங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான்கு வரிகளையும் அடித்து, 'பார்த்ததை எழுதவில்லை' என்று குறித்தேன். ரோகிணியோடு ஒப்பிட்டு அன்றைய அளவை மேரியையே சொல்லச் சொன்னேன். அது உலகமே கவனித்த மங்கல் என்று பிறகுதான் படித்தேன். என் நோட்டில் நான் முழுதாக நம்பும் பக்கங்கள் அவர் சொன்ன அந்த அளவிலிருந்துதான் தொடங்குகின்றன.