ஆங்கிலத்தில் மட்டும் பேசிக்கொண்டோம்

எனக்கும் என் ஓரகத்திக்கும் பேச்சு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்ட காலத்தில். சமயநல்லூரில் ஒரே வீட்டில் அவர்கள் மாடியிலும் நாங்கள் கீழேயும் இருக்கிறோம். வேலையும் ஒரே பள்ளியில்தான். அவருக்கு எல்.கே.ஜி., எனக்கு மூன்றாம் வகுப்பு. பள்ளி வேனில் அவர் முன் சீட்டில் உட்காருவார், நான் கடைசி சீட்டுக்குப் போய்விடுவேன்.

பேர்தான் இங்கிலீஷ் மீடியம். ஆசிரியைகளில் முக்கால்வாசிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிடுவோம், விளக்கமெல்லாம் தமிழில்தான். பெற்றோர் கூட்டத்தில் யாரோ இதைக் குத்திக்காட்டப் போய், தாளாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. முழுப்பரீட்சை லீவுக்கு முன்னால் ஆசிரியைகளுக்கு ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வு, தேறாதவர்கள் ஜூனில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தலைமை ஆசிரியை டென்ஸிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்தில் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒரு ஜோடி. நேற்று என்ன செய்தேன், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், நாளைக்கு என்ன செய்வேன் என்று தினமும் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் சொல்லி, அதைப் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இரண்டு குரலும் கேட்க வேண்டும். "உங்களுக்கு ஒரே வீடு, ரொம்ப வசதி" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வசதி அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

பேச்சு நின்றது மாமியாரை எடுத்த அன்று. எங்களில் ஒரு சாவு என்றால் சம்பந்தி வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து இறந்தவர் மேல் போர்த்த வேண்டும். இறந்தவரின் பிறந்த வீட்டுக் கோடி முதலில், பிறகு மூத்த மருமகள் வீட்டுக் கோடி, அதன் பிறகு இளையவள் வீட்டுடையது. என் அப்பா முந்தின சாயங்காலமே டவுனுக்குப் போய்ச் சேலை எடுத்து வைத்திருந்து, விடிந்ததும் கீழக்குயில்குடியிலிருந்து வந்துவிட்டார். அக்காவின் வீட்டார் தேனியிலிருந்து வர வேண்டும். வழியில் வண்டி நின்றுபோனது. வெயில் ஏறிக்கொண்டே போனது. இளைய சம்பந்தியாவது முதலில் போடட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். "எங்க வீட்டு ஆளுகளுக்கு முந்தி யாரும் போடக் கூடாது" என்று அக்கா ஒரே பிடியாக நின்றார்.

அப்பா தட்டும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேனிக்காரர்கள் ஒருவழியாக வந்து அவசர அவசரமாகப் போர்த்தியதும், நேரமாகிவிட்டது என்று பாடையைத் தூக்கிவிட்டார்கள். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. கொண்டுவந்த கோடியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. சுடுகாட்டு வரைக்கும் போய், அங்கே வேலை பார்ப்பவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் காற்றோடு பேசப் பழகிக்கொண்டோம். "மோட்டார் ஓடிக்கிட்டே கெடக்கு, யாராச்சும் நிப்பாட்டுனா நல்லது" என்று மாடியிலிருந்து குரல் வரும். "துணி நனையுது, எடுக்குறவுக எடுக்கலாம்" என்று நான் முருங்கை மரத்தைப் பார்த்துச் சொல்வேன். வேலை நடந்துவிடும்.

போன ஐப்பசியில் அப்பா போய்விட்டார். அக்கா வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை, கிளம்புகிறவர்களும் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. அதனால் நாங்கள் பேசிக்கொள்ளாதது யார் கண்ணிலும் படவில்லை.

ஜோடி சேர்த்த அன்று சாயங்காலம் அக்கா போனோடு கீழே இறங்கி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "குட் ஈவினிங்" என்றார். ஒன்றரை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு, "யெஸ்டர்டே ஐ குக்டு கீரை. யெஸ்டர்டே ஐ வாஷ் தி கிளாத்ஸ்" என்றார். "வாஷ்டு" என்றேன். "வாஷ்டு" என்று திருத்திக்கொண்டார். என் முறை வந்ததும் நான் தப்பு செய்தேன், அவர் திருத்தினார். பதிவு போய்ச் சேர்ந்ததும் மாடி ஏறிவிட்டார்.

"என்ன, ரெண்டு பேரும் பேசியாச்சா?" என்று கேட்டார் என் கணவர்.

"பேசல. டென்ஸ் படிக்கிறோம்."

அது உண்மைதான் என்று நானும் நம்பினேன். ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் பேச்சுக் கணக்கில் சேராத ஒன்று. பள்ளிக்கூடத்துச் சீருடை மாதிரி, மாட்டிக்கொண்டு கழற்றிவிடலாம்.

சமைத்தது, துவைத்தது எல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோனது. "சாம்பார் போதும் டீச்சர், பழைய சம்பவம் ஏதாவது சொல்லுங்க" என்று தலைமை ஆசிரியை குழுவில் சலித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அக்கா தன் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகள் கொஞ்சம். தமிழில் என்றால் சுற்றி வளைத்து, சாடை வைத்து, பாதியை முழுங்கிவிட்டுச் சொல்லக்கூடியவர். ஆங்கிலத்தில் அந்தச் சாமர்த்தியத்துக்கு வழியில்லை. "ஐ கேம் டு திஸ் ஹவுஸ். நோபடி டாக்டு டு மீ. தென் யூ கேம். ஐ வாஸ் வெரி ஹாப்பி" என்று ஒருநாள் சொன்னார். நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

தேர்வு பிறகு நடந்தது. தட்டுத்தடுமாறி இருவரும் தேறிவிட்டோம். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின வாரத்தில் ஒரு சாயங்காலம் நடந்ததை.

அன்று பதிவை ஆரம்பித்ததும் அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். "தட் டே, ஐ ஸ்டாப்டு யுவர் ஃபாதர். மை மதர் ஹவுஸ் பீப்பிள் வேர் லேட். ஐ வாஸ் ஆங்க்ரி. ஐ டிட் இட்."

நான் போனை அணைத்தேன். என்னிடம் இருந்த ஆங்கிலமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எம்புட்டு நேரம் நின்னாரு தெரியுமாக்கா? சர்க்கரை வியாதிக்காரரு. பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னாரு."

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டு இருந்தீகளா?"

"ஆமா. எங்க அண்ணன் வந்துருவாரு, வந்துருவாருன்னு வாசலையே பாத்தேன். உங்கப்பாவும் அங்கனதான நின்னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் வீட்டாரை இழுத்தேன், எப்போதோ நடந்த வளைகாப்பை இழுத்தேன். அக்காவும் விடவில்லை. "அன்னைக்கே எங்கிட்ட வந்து கேட்டிருக்க வேண்டியதுதான?" என்றார். "நீங்க வந்து சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்றேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதே வீட்டில் போட்டிருக்க வேண்டிய சண்டை அது. கத்தக் கத்த எனக்குள் ஏதோ இறங்குவதை உணர்ந்தேன். அதே நேரம், இது எதுவும் இனி அப்பாவுக்குப் பிரயோஜனமில்லை என்று தோன்றியதும் கத்த முடியாமல் அழுதுவிட்டேன்.

அக்கா சமாதானம் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா என்னைய ரொம்ப வஞ்சாராத்தா?"

"வையலக்கா. ஒரு வார்த்தை வையல. போன் பண்ணாலே, அக்காகிட்டப் பேசிட்டியாத்தான்னுதான் கேப்பாரு. ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அதைத்தான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்குப் பேசுறேம்ப்பான்னு சொன்னேன்."

"கடைசியாக் கேட்டப்பவுமா?"

"கடைசியாக் கேட்டப்பவும்."