மாப்பிள்ளையின் கம்பியூட்டரும் எங்கள் கிணறும்

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டி முடியாமல் கலியாணம் நடக்காது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் எண்பதுகளின் நடுவில், சாய்ந்தமருதில் எனக்குக் கலியாணம் பேசி முடித்த கையோடு வாப்பா கல்லும் சீமெந்தும் வாங்கிப் போட்டார். உம்மாவின் வளவில், அதாவது வீட்டு மனையில், ஒரு பாதியை எனக்கு மூத்தவள் ராத்தாவின் கலியாணத்துக்கே கொடுத்து, அதில் அவளுக்கு வீடு கட்டியாயிற்று. மற்றப் பாதியில் நாங்கள் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு எனக்குக் கட்டுவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, கல்முனையிலிருந்த மாமியின் மகன்தான். மாமி வாப்பாவின் தங்கை. மச்சான் படித்து முடித்துக் கொழும்பில் வேலை பார்த்தார். நிலத்துக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு போகிறது என்று கம்பியூட்டரில் கணக்குப் பார்ப்பதுதான் அந்த வேலை. கண்ணுக்கு முன்னால் இவ்வளவு பெரிய கடல் கிடக்க, கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளமா என்று சொல்லி நானும் ராத்தாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வருடம் அவருக்குக் கிடைத்த வேலை எங்கள் கரையோரம்தான். வீடு வீடாகப் போய், வாசல் படலையடியில் நின்று, ஆண்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிணறு இருக்கிறதா, எவ்வளவு ஆழம், அதிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு அள்ளுப்படுகிறது என்பவைதான் கேள்விகள். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுத் தாள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளமான தாள். அதை எங்கள் மண்டபத்தில் விரித்தார். நான் அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாள் முழுக்கக் கட்டங்கள், கட்டம் முழுக்க இலக்கங்கள். எங்கள் ஊர் அதில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மணல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெய்கிற மழை, பக்கத்துக் கட்டத்துக்குப் போகிற தண்ணீர், நாம் அள்ளுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொடுத்தால், இலக்கங்கள் அசையாமல் நிற்கும்வரை மெசின் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்குமாம். பாலில் ஆடை கிடப்பது போல எங்கள் மணலில் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நல்ல தண்ணீர் கிடக்கிறதாம். மேலே அதிகம் அள்ளினால் கீழே இருக்கிற உப்பு ஏறி வந்துவிடுமாம். வாப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேள்வி கேட்காமல் வாப்பா தலையாட்டினால் அவருக்கு விளங்கவில்லை, ஆனால் நம்பிவிட்டார் என்று அர்த்தம்.

மச்சான் எங்கள் தெருக் கட்டங்களில் விரலை வைத்தார். முகம் வாடியிருந்தது.

"மாமா, கடக்கரப் பக்கம் இந்த வரிசையெல்லாம் கொஞ்ச வருசத்துல உப்பாப் போயிரும்."

அடுத்த நாளே வாப்பா மேசன்மாரை நிறுத்தினார். நற்பிட்டிமுனைப் பக்கம், வயலோரமாக வேறு காணி தேடத் தொடங்கினார். காணி கிடைத்து, மேடாக்கி, வீடு கட்டி, அதற்குப் பிறகுதான் கலியாணம். ராத்தாவை விட்டு நான் ஒரு நாள்கூடப் பிரிந்திருந்ததில்லை. அழுதேன். அழுது முடிய ஆத்திரம் வந்தது. தன் கலியாணத்தைத் தானே மெசின் வைத்துத் தள்ளிப்போடுகிற மாப்பிள்ளையை உலகத்தில் யாராவது கண்டிருக்கிறீர்களா என்று உம்மாவிடம் கேட்டேன். வாயை மூடு என்றார் உம்மா. ஆனால் ஒன்று. நினைத்திருந்தால் அவர் அந்த இலக்கங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த லீவில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்க வந்தார். மெசின் சொன்னதும் கிணறு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். முதலில் ராத்தா வீடு. அவளுடைய படலை கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. அங்கே அளந்து, தேத்தண்ணி குடித்து, பள்ளிவாசல் மூலையைச் சுற்றி, அடுத்த ஒழுங்கையிலிருந்த எங்கள் படலைக்கு வந்தார். உம்மா என்னை அடுப்படிப் பக்கம், குசினிக்குள் போகச் சொன்னார். குசினி ஜன்னலைத் திறந்தால் கிணறு என்பதை உம்மா மறந்துவிட்டார்.

எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தாவின் கலியாணத்தில் வளவைப் பிரித்தபோது மதிலுக்கு நேரே கிணறு நின்றது. மேசன் கிணற்று வாய்க்குக் குறுக்கே தாங்குவதற்கு ஒரு வளை போட்டு, அதன் மேலே மதிலைக் கொண்டுபோய்விட்டார். மேலே மறைப்பு, கீழே தண்ணீர் ஒன்று. அந்தப் பக்கம் ராத்தா அள்ளுவாள், இந்தப் பக்கம் நாங்கள் அள்ளுவோம். மகள்மாருக்கு வளவு பிரித்த வீடுகளில் இப்படித்தான்.

மச்சான் மதிலோரமாக நின்று அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினார். அந்த நேரம் பார்த்து உள்ளே தொம் என்று ஒரு வாளி விழுந்தது. தண்ணீர் அவர் கண்ணாடியில் தெறித்தது.

"இது யாருட வாளி?" என்றார் திடுக்கிட்டு.

உம்மா வாயைத் திறப்பதற்குள் நான் ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டேன். "ராத்தாட வாளி."

"ராத்தாட ஊட்டுக் கெணத்த இப்பதானே அளந்திட்டு வாறன்?"

"அதுதான் இது."

குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்து மதிலைப் பார்த்தார். பிறகு உடுப்புத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். ஒரு ஆண் அவ்வளவு நேரம் சிரித்து நான் கண்டதில்லை. அவருடைய தாளில் ராத்தாவுக்கு ஒரு கிணறு, எங்களுக்கு ஒரு கிணறு. கிணற்றிலிருந்து எவ்வளவு அள்ளுப்படுகிறது என்று கேட்டதற்கு, இரண்டு வீட்டாரும் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். ஒரே தண்ணீர் மெசினுக்குள் இரண்டு தடவை ஏறியிருந்தது. பொய் சொல்லவில்லை. கிணறு இருக்கிறதா என்றால் எல்லோரும் "ஓம், இரிக்கி" என்பார்கள். பாதிதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எங்களுக்கு அது முழுக் கிணறுதான். மச்சானுக்கு இது தெரிய வழியில்லை. மாமிக்கு மகள் ஒருத்திதான், வளவைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் அவர்கள் கிணற்றை மதில் வெட்டவில்லை. மற்ற வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஆண்களுக்கு என்ன வேலை?

லீவை நீட்டினார். இந்த முறை உம்மாவும் ராத்தாவும் கூடப் போய், ஒவ்வொரு வீட்டிலும் கொல்லைக்குள் நுழைந்து பார்த்துச் சொன்னார்கள். கடற்கரை ஓரத்தில்தான் வளவுகள் அதிகம் துண்டாகியிருந்தன. பாதிக் கிணறுகளும் அங்கேதான் நிறைந்து கிடந்தன. மச்சான் கொழும்புக்குப் போனார். நான் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்டேன்.

புதுத் தாளோடு அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுபடியும் எங்கள் தெருவில் விரலை வைத்தார்.

"மாமா, இந்த அளவுல அள்ளினா நம்மட தெருவுக்கு உப்பு வராது."

வாப்பா தலையாட்டவில்லை. முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப மேசனுக்குச் சொல்லட்டா?"

மச்சான் தலையாட்டினார்.

கலியாணம் முடிந்த அடுத்த நாள் காலை, எங்கள் புது வீட்டுக் கொல்லையில் அவர் முதல் வாளியை இறக்கி, நிறைய அள்ளி மேலே எடுத்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"மச்சான், பாதி எங்கட. பார்த்து அள்ளுங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வாளியில் பாதியைத் திரும்பக் கிணற்றுக்குள் ஊற்றினார். அந்தப் பக்கம் ராத்தா சிரித்தாள், இந்தப் பக்கம் நான் சிரித்தேன். இரண்டும் கிணற்றுக்குள் போய் ஒரே சிரிப்பாகக் கேட்டது.